ஒரு முழம் பின்னால்

காலை எட்டரை மணிக்கு மேனேஜர் தண்ணீர்க் குழாயைத் தன் கையாலேயே இழுத்துக்கொண்டு வந்து நீட்டினார். இந்தப் பதினோரு வருஷத்தில் அவர் கீழே கிடந்த ஒரு ஸ்பானரைக் குனிந்து எடுத்துக்கூட டிரைவர் ரசமட்டம் பார்த்ததில்லை.

"பத்து மணிக்கு இன்சூரன்ஸ்ல இருந்து ஆள் வர்றார். அதுக்குள்ள ட்ரெய்லரைக் கழுவி வை. பார்க்கவே அசிங்கமா இருக்கு."

ட்ரெய்லர் அசிங்கமாகத்தான் கிடந்தது. யார்டின் மூலையில், இடப்பக்கச் சக்கரங்கள் இரண்டும் அடிவயிற்றுக்குள் மடங்கி, பிக்கப்போடு மாட்டும் முன்தண்டு ஈரத்துணி பிழிந்ததுபோல முறுக்கிக்கொண்டிருந்தது. எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் அது நேராகப் போவதில்லை. மேனேஜர் சொன்ன அசிங்கம் வேறு என்பது ரசமட்டத்துக்குத் தெரியும்.

ட்ரெய்லரின் இரும்புத் தளத்தில் சேறு காய்ந்து இரண்டு பட்டைகளாக ஒட்டியிருந்தது. செயினில் ஓடும் சின்ன பொக்லைன் நின்றிருந்த தடம். தளத்தின் குறுக்கே ஒரு மஞ்சள் கோடு உண்டு. மெஷினின் மூக்கு அந்தக் கோட்டைத் தொட்டு நிற்கவேண்டும் என்று ட்ரெய்லர் செய்தவன் போட்டுக்கொடுத்த கோடு. சேற்றுத் தடம் கோட்டிலிருந்து ஒரு முழம் தள்ளித்தான் ஆரம்பித்தது. வேறு யாராவது பார்த்திருந்தால் சேறு என்று போயிருப்பார்கள். ரசமட்டத்துக்கு அது தன் கையெழுத்துப்போல இருந்தது.

குழாயைத் திறந்தார். சேறு முதலில் கறுத்தது, பிறகு இளகியது, பிறகு செயினின் பல் அச்சு ஒவ்வொன்றாகக் கரைந்து தளத்தின் ஓரத்தில் ஒழுகியது. ஓரிடத்தில் அழுத்தமாக ஒட்டியிருந்ததைச் செருப்புக் காலால் தேய்த்தார். கால் மணி நேரத்தில் இரும்பு பளிச்சென்று ஆகிவிட்டது.  அதே இடத்தில் இன்னொரு தடவை தண்ணீர் விட்டார்.

அவருக்கு அந்தப் பெயர் வந்ததே இந்த வேலையால்தான். கொத்தனார் சுவரில் வைத்துப் பார்க்கும் ரசமட்டத்தைப்போல, பாரம் ஏற்றிய வண்டியைப் பத்தடி தள்ளி நின்று ஒரு பார்வை பார்ப்பார். "இன்னும் நாலு விரல்" என்பார். மெஷின் நாலு விரல் நகர்ந்ததும் வண்டி முன்னும் பின்னும் ஒரே மட்டத்தில் நிற்கும். யார்டில் எல்லாரும் அவரை அப்படியே கூப்பிடப் பழகி, சம்பளச் சீட்டில் இருக்கும் பெயரைக் கேட்டால் யோசிப்பார்கள்.

முன்பு மெஷின்களை இழுக்க ஒரு லாரி இருந்தது. முதலாளி அதை விற்றுவிட்டு இந்தச் சின்ன பிக்கப்பை வாங்கிப்போட்டார். நாலு சோபாவும் ஒரு பீரோவும் ஏற்றினால் போதுமென்று இருக்கிற வண்டி. எவ்வளவு இழுக்கலாம் என்று கதவின் உள்பக்கம் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. வந்த வாரமே அதன்மேல் ஆயில் கடையின் ஸ்டிக்கர் ஏறிவிட்டது. யார் ஒட்டினார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

மெஷினைக் கோட்டில் நிறுத்தினால் பாரத்தில் ஒரு பங்கு கொக்கி வழியாக பிக்கப்பின் முதுகில் ஏறி உட்காரும். ட்ரெய்லர் அடக்கமாகப் பின்னால் வரும். ஆனால் பிக்கப் சின்னது; அதன் பின்பக்கம் சக்கரத்தை மறைக்கிற அளவுக்கு அமுங்கி, முன்விளக்கு இரண்டும் வானத்தைப் பார்க்கும். மெயின் ரோட்டில் சோதனை போடுகிறவர்களிடம் எடை மேடையா இருக்கிறது? கண்ணால்தான் பார்ப்பார்கள். பின்பக்கம் உட்கார்ந்த வண்டியை ஓரங்கட்டுவார்கள். முதல் மாதத்தில் இரண்டு தடவை ஓரங்கட்டினார்கள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா. வண்டி நிமிர்ந்து நிக்கணும், அவ்வளவுதான்," என்றார் மேனேஜர்.

மெஷினைப் பின்னால் தள்ளு என்று அவர் அன்றைக்கும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் சொன்னதில்லை. அதை ரசமட்டமே கண்டுபிடித்தார். ஒரு முழம் பின்னால் நகர்த்தினால் கொக்கியின் மேல் பாரம் குறைகிறது, வண்டி நிமிர்கிறது. மூன்று வருஷமாக ஒருவரும் கை காட்டி நிறுத்தவில்லை. மேனேஜர் முதலாளியிடம் போனில் "நம்ம ஆளு கில்லாடி சார்" என்று சொன்னது இவர் காதில் விழுந்தது. அன்று வீட்டுக்குப் போகும்போது நடையே கொஞ்சம் மாறியிருந்தது.

ஆனால் தலையில் பாரம் இல்லாத ட்ரெய்லர் சரிவில் இறங்கும்போது வாலை ஆட்டும். முதலில் லேசாக, பிறகு ஆட்டத்தில் ஆட்டம் சேர்ந்து, கடைசியில் இழுக்கிற வண்டியையே தூக்கிச் சுழற்றிவிடும். அதை ஆரம்பத்திலேயே அடக்க ரசமட்டத்துக்குத் தெரியும். சரிவுக்கு முன்பே இரண்டாம் கியருக்கு வந்துவிட வேண்டும். ஆட்டம் தெரிந்ததும் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்த பிடியிலேயே வைத்திருக்க வேண்டும். உயிரே போனாலும் பிரேக்கைத் தொடக்கூடாது. இதை அவர் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்த ட்ரெய்லரைத் தன்னால் மட்டும்தான் இழுக்கமுடியும் என்ற நினைப்பு அவருக்குப் பிடித்திருந்தது.

பதினெட்டு நாளைக்கு முன்னால், மெஷினை ஏற்றி, நாலு மூலையிலும் சங்கிலி போட்டு இறுக்கி, கிளம்பப்போகும்போது மகளின் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. பெற்றோர் கூட்டம். சுத்தமாக மறந்துவிட்டிருந்தார். மனைவிக்கு சலவைக் கடையில் லீவு கிடையாது. பக்கத்தில் தண்ணீர் டேங்க் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான் மச்சினன். மனைவியின் தம்பி, இவர் சொல்லித்தான் இரண்டு வருஷத்துக்கு முன் இங்கே டிரைவராகச் சேர்ந்தவன். பெரிய லாரி லைசென்ஸுக்கு எழுதிப்போட்டுவிட்டு, டெஸ்ட்டுக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்தான்.

"சாவியைக் குடுங்க மாமா, நான் கொண்டுபோய் விட்டுட்டு வர்றேன். பாப்பா ஸ்கூலுக்கு நீங்க போங்க. ட்ரெய்லர் இழுக்க எனக்கும் ஒரு சான்ஸ் வேணும்ல?"

ஆபீஸ் வாசலில் மேனேஜர் நின்றுகொண்டிருந்தார். மெஷினை முன்னால் நகர்த்துவதென்றால் நாலு சங்கிலியையும் அவிழ்க்க வேண்டும். அரை மணி நேரமாவது ஆகும். வண்டி அமுங்கும். மேனேஜர் பார்ப்பார். கியர், ஆக்ஸிலேட்டர், பிரேக் என்று அந்த மூன்று விஷயத்தையாவது மச்சினனிடம் சொல்லியிருக்கலாம். சொல்ல இரண்டு நிமிஷம் போதும். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது.

"பார்த்து, மெதுவா போ," என்றார். சாவியைத் தூக்கிப் போட்டார். மச்சினன் அதை ஒரு கையால் பிடித்தான்.

பிள்ளையின் கையெழுத்து அழகாக இருக்கிறது, கணக்கில்தான் இன்னும் கவனம் வேண்டும் என்று டீச்சர் சொல்லிக்கொண்டிருக்கும்போது சட்டைப்பையில் போன் அதிர ஆரம்பித்தது. அவர் மரியாதைக்காக எடுக்காமல் இருந்தார். நாலாவது தடவை அதிர்ந்தபோதுதான் வெளியே வந்து எடுத்தார். பாலத்துச் சரிவில், தடுப்புச் சுவருக்கும் வண்டிக்கும் நடுவில், மச்சினனின் வலது கால் சிக்கியிருந்தது.

*

இன்சூரன்ஸ்காரர் பத்தரைக்கு வந்தார். மெலிந்த ஆள். கழுத்தில் கைக்குட்டை, தோளில் நைந்த பை. இன்றைக்கு இது அவருக்கு மூன்றாவது இடம் என்று முகத்திலேயே எழுதியிருந்தது. ட்ரெய்லரை ஒரு சுற்றுச் சுற்றினார், போட்டோ எடுத்தார், தளத்தில் ஏறி மஞ்சள் கோட்டின் மேல் ஷூவை வைத்து நின்றார்.

"ஈரமா இருக்கே. இப்பதான் கழுவினீங்களா?"

"பார்க்க அசிங்கமா இருந்துச்சு சார்," என்றார் ரசமட்டம். மேனேஜரின் வார்த்தை தன் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு அவருக்கே காது கூசியது.

"லோடு ஏத்தினது யாரு?"

"நான்தான் சார்."

"ஓட்டினது?"

"இன்னொரு பையன் சார்," மேனேஜர் முந்திக்கொண்டார். "கொஞ்சம் வேகம். இள ரத்தம்."

"மெஷின் எங்க நின்னுச்சு?"

"கோடு போட்டிருக்கே சார்," என்றார் ரசமட்டம்.

"கோடு எனக்கும் தெரியுது. மெஷின் எங்க நின்னுச்சுன்னு கேட்டேன்."

மேனேஜர் இருமவில்லை, முறைக்கவில்லை. சட்டைக் கையில் ஒட்டியிருந்த நூல் ஒன்றைப் பிய்த்துக்கொண்டிருந்தார். நேற்று சாயங்காலமே அவர் சொல்லவேண்டியதைச் சொல்லிமுடித்துவிட்டார். லோடு தப்பாக ஏற்றியிருந்தால் இன்சூரன்ஸ் வராது, முதலாளி ஏற்றினவனை வெளியே அனுப்புவார், கேஸும் போடுவார். லோடு சரியென்றால் ஓட்டினவன் மேல்தான் போகும். "அவனுக்கு என்னப்பா, லைசென்ஸ்தானே? கால் சரியானதும் கேட்ல உக்கார வச்சுக்கலாம். நான் பார்த்துக்கறேன்." பேசும்போது குரல் அவ்வளவு இதமாக இருந்தது.

"கோட்டிலதான் சார்," என்றார் ரசமட்டம்.

"எப்படி ஓட்டணும்னு டிரைவர்கிட்ட ஏதாவது சொன்னீங்களா?"

"மெதுவா போகச் சொன்னேன் சார்."

அது உண்மைதான். இன்சூரன்ஸ்காரர் அதைத்தான் அடிக்கோடு போட்டு எழுதிக்கொண்டார். சொல்லியும் கேட்காமல் போன டிரைவர் என்று ஆகிவிட்டது. தாளைத் திருப்பி நீட்டினார். பேனா எழுதவில்லை, மேனேஜர் தன் பேனாவைத் திறந்தே கொடுத்தார். ரசமட்டம் தன் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். ரொம்ப நாளைக்குப் பிறகு எழுதியதால் அது வேறு யாருடைய பெயரோ மாதிரி இருந்தது.

*

வீட்டு முன்னறையில் இப்போது கட்டில்தான் முக்கால் வாசி. மச்சினனின் கால் இரண்டு தலையணைமேல் இருந்தது. முழங்காலுக்குக் கீழே எலும்போடு சேர்த்து நாலு கம்பிகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. மகள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய ஜியாமெட்ரி பாக்ஸும் பென்சில் டப்பாவும் போர்வைமேல் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன.

"இது பிக்கப். இது ட்ரெய்லர்," மச்சினன் சொல்லிக்கொண்டிருந்தான். பார்க்க வந்தவர்கள் எல்லாருக்கும் காட்டிக் காட்டி அவனுக்கு இது பழகிவிட்டது. "பாலத்துல இறங்கறேன். பின்னால லேசா ஒரு ஆட்டம். நான் என்ன பண்ணினேன்? முட்டாள், பிரேக்கை அழுத்தினேன். டப்பா இப்படி வந்து... பாக்ஸை இப்படி இடிச்சு..."

"மெஷின் எங்க மாமா?" மகள் கேட்டாள்.

"இதோ." ரப்பரை எடுத்துப் பென்சில் டப்பாவின் முன்பக்கம் வைத்தான். "கோட்டில. உங்கப்பா ஏத்தினது, இம்மி பிசகாது. தப்பெல்லாம் என் கால்லதான்."

ரசமட்டம் வாசலிலேயே நின்று செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். கழற்றி முடித்த பிறகும் குனிந்தே இருந்தார்.

"வாங்க மாமா. ஆள் வந்தாரா? என்ன கேட்டார்?"

"என்னென்னவோ கேட்டார்."

"என்னைப் பத்தி?"

"மெதுவா போகச் சொன்னீங்களான்னு கேட்டார். சொன்னேன்னு சொன்னேன்."

"சொன்னீங்கதானே. நாற்பதுலதான் மாமா போனேன், சத்தியமா. ஆனா சரிவுல அது நாற்பதாவா நிக்குது?" ரப்பரைக் கையில் உருட்டினான். "நான் பிரேக்கைத் தொட்டிருக்கக்கூடாது, இல்ல?"

"அந்த நேரத்துல யாரா இருந்தாலும் கால் பிரேக்குக்குத்தான் போகும்டா."

"உங்களுக்குப் போயிருக்காது."

குறை சொல்வதுபோலச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. அவன் பெருமையாகச் சொன்னான். ரசமட்டத்துக்கு அங்கே நிற்க முடியவில்லை. தண்ணீர் குடிக்கப் போகிறவர்போல அடுப்படிக்குள் போனார்.

மனைவி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். பகல் முழுக்க நின்றபடி லாட்ஜ் விரிப்புகளை இஸ்திரி போட்டுவிட்டு வந்தவள். வலது தோள் கொஞ்சம் இறங்கியே இருக்கும். அவர் கதவைச் சாத்தினார். அந்த வீட்டில் அடுப்படிக் கதவைச் சாத்துகிற வழக்கம் இல்லாததால் அவள் திரும்பிப் பார்த்தாள்.

"அன்னிக்கு மெஷின் கோட்டில இல்ல."

"அப்படின்னா?"

"பின்னால தள்ளி வச்சிருந்தேன். அப்படி வச்சா வாலாடும். எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது. நான் சொல்லல. அவன் மேல தப்பே இல்ல."

அவள் குழாயை மூடினாள். கையிலிருந்த நுரை மெதுவாக வழிந்தது.

"யாரு அப்படி வைக்கச் சொன்னா?"

"யாரும் சொல்லல. வண்டி நிமிர்ந்து நிக்கணும்னு சொல்வாங்க."

"அப்ப அவங்க சொன்னதுதானே?"

"அவங்க சொல்லல. அதான் சொல்றேனே."

முன்னறையில் மகள் சிரிக்கும் சத்தம் கேட்டது. டப்பா மறுபடி பாக்ஸில் மோதியது.

"இன்னிக்கு என்ன எழுதிக் குடுத்தீங்க?"

"கோட்டிலன்னு."

"அவன்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்ல. சொல்லணும்."

"சொல்லி?" அவள் குரலைத் தாழ்த்தினாள். "அவன் சும்மா இருப்பானா? போய்க் கேப்பான். உங்களை வெளிய தள்ளுவாங்க. அவனுக்குக் கேட்ல வேலை தர்றேன்னாங்களே, அதுவும் போகும். அப்புறம் நீங்க ரெண்டு பேரும் வீட்ல உக்காந்து யார் மேல தப்புன்னு பேசிட்டே இருங்க. நான் மட்டும் போய் விரிப்பு தேய்ச்சுட்டு வர்றேன்."

"அவன் தன்னாலதான்னு நினைச்சுட்டு இருக்கான்."

"தெரியுது. என் காதுலயும்தானே விழுது." அவள் முந்தானையில் கையைத் துடைத்தாள், பிறகு அதாலேயே முகத்தையும். "அவன் என் தம்பிங்க. அம்மா போனப்ப அவனுக்கு ஆறு வயசு. இடுப்புல வச்சு வளர்த்தேன். எனக்கு வலிக்காதா? ஆனா சொல்லாதீங்க. இப்ப சொல்லாதீங்க."

இனி எப்போது என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. அன்றைக்கு அவள் தம்பியின் தட்டில் சாப்பாட்டைக் குவித்தாள். அவன் போதும் போதும் என்று கையை மறித்தான்.

"அக்கா, எனக்கு உடைஞ்சது காலு. வயிறு இல்ல."

அவள் அவன் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். தட்டிய கையை உடனே எடுக்காமல் அங்கேயே வைத்திருந்தாள். ரசமட்டம் தன் தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டார்.

அடுத்த மாதம் ஆர்.டி.ஓ. ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. லைசென்ஸ் மூன்று வருஷத்துக்கு ரத்து. பெரிய லாரிக்கு எழுதிப்போட்டதும் அதோடு போயிற்று. மச்சினன் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு நாலாக மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தான். "நியாயம்தான்" என்றான். அதைக் கேட்டதற்குப் பதில் அவன் தன்னை நாலு அடி அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று ரசமட்டத்துக்குத் தோன்றியது. பல நாள் அந்தக் கட்டில் பக்கம் போய் உட்கார்ந்தார். "மாப்ள" என்று ஆரம்பித்தார். "என்ன மாமா?" என்று அவன் நிமிர்ந்து பார்த்ததும், கால் வலிக்குதா என்று கேட்டுவிட்டு எழுந்துவிடுவார். ஒரே கேள்வியை எத்தனை நாள் கேட்பது? அவனும் சளைக்காமல் பதில் சொன்னான்.

*

ஐந்தாவது மாதம் புது ட்ரெய்லர் வந்தது. பழையதற்குக் கிடைத்த இன்சூரன்ஸில் வாங்கியது. இழுக்கிற பிக்கப் அதேதான். நெளிசல் எடுத்து, முன்பக்கம் மட்டும் புது பெயிண்ட் அடித்திருந்தார்கள்.

மேனேஜர் வாக்குத் தவறவில்லை. மச்சினன் கேட்டில் இருந்தான். ஒரு ஸ்டூல், ஒரு நோட்டு, தூக்கி இறக்க ஒரு குறுக்குக் கம்பம். வலது கால் இரண்டு விரற்கடை குட்டையாகிவிட்டது. அக்குளில் கட்டை வைத்து நடந்தான். போகிற வருகிற வண்டிகளின் சத்தத்தை வைத்தே எந்த கியர் என்று சொல்லிவிடுவான்.

புது ட்ரெய்லரின் தளத்தில் கோடு இல்லை. கோடு கட்டாயம் இருக்கவேண்டும் என்று இன்சூரன்ஸில் எழுதிக் கேட்டிருந்தார்கள். மேனேஜர் மஞ்சள் பெயிண்ட் டப்பாவும் பிரஷும் வாங்கிவந்து, கேட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"தம்பி, சும்மாதானே உக்காந்திருக்கே? வந்து ஒரு கோடு போடு. ரசமட்டம், மெஷினை ஏத்தி இடத்தைக் காட்டு."

ரசமட்டம் மெஷினைச் சரிவுப் பலகை வழியாக மேலே ஏற்றினார். எங்கே நிறுத்தவேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லவேண்டியதில்லை. சக்கரங்களைப் பார்த்தார், முன்தண்டைப் பார்த்தார், நிறுத்தவேண்டிய இடத்தில் நிறுத்தினார். பிக்கப்பின் பின்பக்கம் முனகியபடி அமுங்கியது. விளக்குகள் மேலே பார்த்தன. மச்சினன் கட்டையை ஊன்றியபடி ட்ரெய்லருக்குப் பக்கத்தில் வந்து நின்றிருந்தான்.

மேனேஜர் தள்ளி நின்று பார்த்தார். "நிமிரலையே."

"இதான் சார் சரியான இடம்."

மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அதைச் சொன்னார். சத்தம் அவ்வளவாக வரவில்லை.

"சரியான இடம்னா வண்டி நிமிரணும்ல?"

"இந்தப் பாரத்துக்கு வண்டி சின்னது சார்."

"வேற வண்டி இருக்கா?" மேனேஜர் கோபப்படவே இல்லை. சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார், நிஜமாகவே எங்காவது ஒரு லாரி நிற்கிறதா என்று தேடுகிறவர்போல. "இல்லல்ல?"

ரசமட்டம் லிவரைப் பிடித்தார். செயின் பின்பக்கமாக உருண்டது. நாலு விரல், ஒரு சாண், இன்னும் கொஞ்சம். பிக்கப் மூச்சு விட்டு எழுந்தது. மடங்கிக்கிடந்த ஸ்பிரிங் பட்டைகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்தன. முன்னும் பின்னும் ஒரே மட்டம்.

"ஆங். அங்கயே. அங்கயே கோட்டைப் போடுங்க. இனிமே யாரு ஏத்தினாலும் கோட்டைப் பார்த்து ஏத்தட்டும், யாரும் மண்டையை உடைச்சுக்க வேண்டாம்." மேனேஜர் போனை எடுத்துக் காதில் வைத்தபடி ஆபீசுக்குள் போனார்.

மச்சினன் கட்டையைக் கீழே சாய்த்துவிட்டு, கைகளை ஊன்றித் தளத்தின்மேல் ஏறி உட்கார்ந்தான். வலது காலை ஒரு பொருளைப்போலத் தூக்கி நீட்டி வைத்துக்கொண்டான். ரசமட்டம் கோடு நேராக வர இரும்பு ஸ்கேலைக் குறுக்கே பிடித்தார். பிரஷ் முக்கால்வாசி தூரம் வந்து நின்றது.

"மாமா."

"ம்."

"முதல்ல ஒரு இடத்துல நிறுத்தினீங்களே. அதுக்கும் இதுக்கும் எவ்வளவு இருக்கும்?"

"ஒரு முழம்."

அவன் முழங்கையை மெஷினின் மூக்குக்குப் பக்கத்தில் தளத்தின்மேல் ஊன்றி, விரல்களை முன்னால் நீட்டிப் பார்த்தான். விரல் நுனி முதலில் நின்ற இடத்தைத் தொட்டது. பிறகு பிக்கப்பைப் பார்த்தான்.

"பழைய ட்ரெய்லர்ல கோடு எங்க இருந்துச்சு?"

"நான் முதல்ல நிறுத்தினேனே. அந்த இடத்துல."

"அன்னிக்கு மெஷின்?"

இத்தனை மாதமாக ரசமட்டம் மனசுக்குள் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தது எதுவும் வரவில்லை. ஸ்கேலைப் பிடித்திருந்த கையின் ஒரு விரலை மட்டும் தூக்கி, ஈரமாயிருந்த மஞ்சள் கோட்டைக் காட்டினார்.

"இங்க."

மச்சினன் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. தன் காலைப் பார்த்தான். ஆபீஸ் கண்ணாடிக்குப் பின்னால் போனில் சிரித்துக்கொண்டிருந்த மேனேஜரைப் பார்த்தான். கேட்டில் காலியாக இருந்த ஸ்டூலைப் பார்த்தான். அவன் பேச வாயெடுத்ததும், ரசமட்டம் அடியை வாங்கிக்கொள்ளத் தயாராகிறவர்போலக் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஸ்கேலை ஆட்டாதீங்க மாமா. கோடு கோணலாகுது."

மீதிக் கோட்டையும் ஓரம்வரை இழுத்து முடித்தான். இறங்கும்போது ரசமட்டம் கையை நீட்டினார். அவன் கட்டையை எடுத்துக்கொண்டான்.

மதியத்துக்குள் பெயிண்ட் காய்ந்துவிட்டது. லோடு கிளம்பியது. கேட் நோட்டில் இப்போது ஒரு புதுக் கட்டம் இருந்தது. மேனேஜர் ஸ்கேல் வைத்து அடித்தது. ரசமட்டம் கம்பத்துக்கு முன் வண்டியை நிறுத்தினார். மச்சினன் எழுந்து, கட்டையை ஊன்றி ட்ரெய்லர்வரை நடந்து போய், மெஷினின் மூக்கையும் கோட்டையும் பார்த்தான். திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தான். நேரம், வண்டி நம்பர், டிரைவர் பெயர் எழுதினான். புதுக் கட்டத்தில் "கோட்டில் உள்ளது" என்று எழுதி, பக்கத்தில் தன் கையெழுத்தைப் போட்டான். தாளின் ஓரத்தில் அவன் பெருவிரல் மஞ்சளாகப் பதிந்தது.

பிறகு கம்பத்தின் கயிற்றைப் பிடித்து, நல்ல காலில் உடம்பின் பாரத்தையெல்லாம் போட்டு இழுத்தான். கம்பம் மேலே போனது.

"பார்த்து, மெதுவா போங்க மாமா," என்றான்.

வண்டி நிமிர்ந்தபடியே ரோட்டில் ஏறியது.